தோல் தொட்டுப் பார்க்க ஆம்பூருக்கு

ஈப்போவிலிருந்து இந்தியாவுக்குக் கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்கிற காரணங்கள் இரண்டுதான். ஒன்று கோயில், மற்றது புடவை. நாங்கள் போனது வேலூரில் ஒரு மனநல மருத்துவமனைக்கு. அதை வெளியே சொல்ல வாய் வராததால் கோயில் என்று சொல்லி வைத்தோம். சொன்ன பாவத்துக்கு என் மாமியாரின் தங்கை ஒன்பது கோயில்களின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனிப் பொட்டலமாகத் திருநீறு வேண்டும் என்றார்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. நோயாளி என் கணவர் குணசேகரன். வேலை, தண்ணீர் இலாகாவில். நோய், ஓயாமல் கை கழுவுவது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டவர்கள் யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை. முதல் ஆறு மாதம் நானும் சிரித்தேன்.

ஒரு மழை நாள் மாலை, சந்தையில் செத்துக் கிடந்த எலியைத் தெரியாமல் மிதித்துவிட்டார். அதில் ஆரம்பித்தது. நாங்கள் சப்பாத்து என்று சொல்லும் ஷூவை அன்று மூன்று முறை கழுவினார். மறுநாள் வீசி எறிந்தார். பிறகு தோலால் ஆன எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்றார். அவருடைய இடுப்பு வார், கைக்கடிகாரப் பட்டை, என் கைப்பை எல்லாம் போயின. அடுத்து, சப்பாத்தைத் தொட்ட கைகளின் முறை வந்தது. எங்கள் மகள் தர்ஷினிக்கு ஆறு வயது. பள்ளிக்கூடச் சப்பாத்துக்குத் தானே கயிறு கட்டப் பழகியிருந்தாள். அதில் அவளுக்கு அத்தனை பெருமை. அந்த விரல்கள்தான் அவருக்குச் செத்த எலியாகத் தெரிந்தன. ஒன்றரை வருடமாக அவர் தன் மகளைத் தொடவில்லை.

ஊரில் இதற்குப் பெயர் நோய் அல்ல, ஆச்சாரம். "உங்க வீட்டுக்காரர் என்னா சுத்தம்! கொடுத்து வச்சவங்க நீங்க" என்று பக்கத்து வீட்டம்மா வாரம் ஒருமுறை சொல்வார். கொடுத்து வைத்த நான், ராத்திரி பகல் என்று பார்க்காமல் "எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு" என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இருக்கும்.

ஒரு நாள் தர்ஷினி சைக்கிளிலிருந்து விழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அப்பாவிடம் ஓடினாள். அவர் பின்பக்கமாகவே ஓடிப் போய்க் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார். குழாயை முழு வேகத்தில் திறந்து வைத்தும் அவர் அழுவது வெளியே கேட்டது. மறு வாரமே, ஈப்போவில் ஒரு மருத்துவர் சொன்னதை நம்பி, மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

சென்னையிலிருந்து வேலூருக்குப் பேருந்து. பேருந்தில் எதையும் தொடக் கூடாது என்று இவர் இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்து வந்தார். பக்கத்து இருக்கைக்காரர் காஞ்சிபுரம் தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தார். அப்புறம் முடியவில்லை.

"சார் டாக்டருங்களா? ஆப்ரேசன் பண்றவரா?"

இவர் தலையை ஆட்டுவதற்குள் அந்த மனிதர் வேட்டியை ஒதுக்கி முழங்காலைக் காட்டினார். "படி ஏறும்போது இங்க பிடிச்சுக்குது சார். மழை வந்தா ஜாஸ்தி, வெயில்ல கம்மி. இன்னா சார் பண்ணலாம்?"

வேலூர் வரை அந்த முழங்கால் எங்களோடு வந்தது. கடைசியில் நான்தான் நல்லெண்ணெய் தேய்க்கச் சொன்னேன். அவர் என் கணவருக்கு நன்றி சொல்லி இறங்கிப் போனார்.

எங்கள் ஈப்போவைப் போலவே வேலூரைச் சுற்றியும் மலைகள். எங்கள் மலைகள் பச்சை போர்த்தியிருக்கும், இவை வெறும் பாறை. வெயிலைப் பற்றி எழுதினால் உறவினர்கள் மிகை என்பார்கள், எழுதவில்லை.

மருத்துவமனையில் எங்களுக்கு ஒதுக்கப்பட்டவர் எஸ்தர். முப்பது வயதிருக்கும். வேலூர்க்காரர். நடத்தைப் பயிற்சி தருவது அவர் வேலை. எல்லோரும் எஸ்தர் சிஸ்டர் என்றார்கள். கணவரைச் சேர்த்துவிட்டு, "நான் எந்த நேரத்தில வந்து பார்க்கலாம்?" என்று கேட்டேன். பட்டுப் புடவை பார்க்கக் காஞ்சிபுரம் போவதாக எனக்கு ஒரு ரகசியத் திட்டம் இருந்தது.

"பாக்கறதா? நீங்களுந்தான் டீச்சர் இங்க தங்கப் போறீங்க" என்றார் எஸ்தர். "இங்க அதான் வழக்கம். வூட்டு ஆள் ஒருத்தர் கூட இல்லாம யாரையும் சேக்க மாட்டோம். ரூமு இருக்கு, அடுப்பு இருக்கு. ஆக்கித் தின்னுட்டு ரெண்டு பேருமா டிரீட்மெண்டுக்கு வாங்க."

"எனக்கு எதுக்கு டிரீட்மெண்ட்?"

எஸ்தர் சிரித்தார். என் பதின்மூன்று வருட ஆசிரியர் வேலையில் என்னைப் பார்த்து இப்படி யாரும் சிரித்ததில்லை.

இரண்டாம் நாள் மருத்துவர் ஒரு பிளாஸ்டிக் மூளையைப் பிரித்து மேசைமேல் வைத்துக்கொண்டு விளக்கினார். நெற்றிக்குப் பின்னால், கண்ணுக்குச் சற்று மேலே ஒரு பகுதி. உள்ளே ஆழத்தில் இன்னொரு பகுதி. "ஏதோ தப்பு நடந்துவிட்டது" என்று முன்னது கூவுமாம். "பார்த்தாச்சு, சரி, விடு" என்று பின்னது அடக்குமாம். இவருக்குள் கூவுகிற வேலை ஒழுங்காக நடக்கிறது, அடக்குகிற வேலை நடப்பதில்லை. சில வருடங்களாக மூளையைப் படம் பிடித்துப் பார்க்க முடிகிறது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும், மாத்திரை இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் அதே இடத்தில்தான் இரைச்சல் குறைகிறதாம். பயிற்சியால் மூளையின் போக்கையே மாற்றலாம் என்பது அவர்களுக்கே வியப்பாக இருந்திருக்கிறது.

"அந்தப் படம் ஒன்று எடுத்துக் கொடுங்கள்" என்றேன். என் மாமியாரிடம் காட்ட வேண்டும். மருத்துவர் மறுத்துவிட்டார். பல பேரை எடுத்து ஒப்பிட்டால்தான் அது தெரியுமாம். ஒருவர் படத்தில் ஒன்றும் தெரியாதாம். ஒரு காலத்தில் இந்த நோய்க்குத் தாயின் வளர்ப்பைத்தான் குற்றம் சொல்வார்கள், இப்போது அப்படி இல்லை என்றும் சொன்னார். அந்தக் காலத்திலேயே வந்திருந்தால் மாமியாரைக் கைகாட்டியிருக்கலாமே என்று ஒரு நிமிடம் எனக்குத் தோன்றியது.

மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதால் பயிற்சி உடனே தொடங்கியது. எஸ்தர் ஒரு தாளைக் கொடுத்து, எதைத் தொட எவ்வளவு பயம் என்று நூற்றுக்கு மதிப்பெண் போடச் சொன்னார். மதிப்பெண் என்றதும் நானும் எட்டிப் பார்த்தேன். என் கணவர் தன் ரப்பர் செருப்புக்கு முப்பது போட்டார். அடுத்தவர் சப்பாத்துக்கு ஐம்பது. ரயில் நிலையத் தரைக்கு எழுபது. தோல் பதனிடும் இடத்துக்குத் தொண்ணூற்றைந்து. நூற்றுக்கு நேரே எழுத வெகுநேரம் யோசித்தார். பிறகு சின்ன எழுத்தில் எழுதினார்: "சப்பாத்துக் கயிறு கட்டிவிட்டு வரும் தர்ஷினியின் கை."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவர்மேல் எனக்குக் கோபம், அந்தத் தாளின்மேலும் கோபம்.

எஸ்தர் பின்னாலேயே வந்தார். "அவரு எழுதுனது அவருக்கே வலிக்குது டீச்சர். பாத்தீங்களா, எவ்ளோ சின்னதா எழுதியிருக்காரு" என்றார். அடுத்து எனக்கான வைத்தியத்தைச் சொன்னார். "அவரு 'சுத்தமா இருக்கா'ன்னு கேப்பாரு. இனிமே நீங்க பதில் சொல்லக் கூடாது. ஒவ்வொரு வாட்டியும் நீங்க சொல்ற பதில்தான் அந்த நோய்க்கு சோறு."

"அப்ப என்ன சொல்றது?"

"'எனக்குத் தெரியல'ன்னு சொல்லுங்க. போதும்."

பதின்மூன்று வருடமாக வகுப்பில் நான் சொல்லாத ஒரே வாக்கியம் அது. அன்று மாலை மட்டும் இருபத்தெட்டு தடவை சொன்னேன். இருபத்தொன்பதாவது தடவை சொல்லாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அடுத்த பத்து நாட்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிப் போயின. காலையில் இட்லி, பிறகு பயம். முதலில் தன் செருப்பின் அடிப்பாகத்தை உள்ளங்கையால் தொட்டார். தொட்டதும் கையை எடுக்கக் கூடாது என்பது எஸ்தரின் சட்டம். பயம் உச்சிக்குப் போய், தானாகக் களைத்து, பாதிக்கு இறங்கும் வரை கை அங்கேயே இருக்க வேண்டும். பிறகு இரண்டு மணி நேரம் கழுவக் கூடாது. செருப்புக்கு நாற்பது நிமிடம் ஆனது. நான் அதற்குள் ஒரு சாம்பாரே வைத்து முடித்தேன்.

ஐந்தாம் நாள் வேலூர் கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடை. அரை மணி நேரமாக ஒரே சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் கடைக்காரர், "சார், புடிச்சிருந்தா கட்டித் தர்றேன், புடிக்கலன்னா வச்சிடுங்க. அதுவும் பாவம், நாமளும் பாவம்" என்றார். எட்டாம் நாள் காட்பாடி ரயில் நிலையத்தில் தரையில் கையூன்றி உட்கார்ந்தோம். பக்கத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ரயிலு லேட்டாம்மா? ரொம்ப பேஜாரு புடிச்ச வண்டி அது" என்று சொல்லி ஒரு வாழைப்பழம் கொடுத்தார். இவர் அதை உரித்துச் சாப்பிட்டார். நான் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று மாலை தொலைபேசிச் சாவடியிலிருந்து ஈப்போவுக்குப் பேசினோம். தர்ஷினி கேட்டது ஒன்றுதான். "அப்பா கை எப்பம்மா நல்லாகும்?" அப்பாவுக்குக் கையில் ஏதோ புண் என்று அவளாகவே முடிவு செய்து வைத்திருந்தாள்.

பன்னிரண்டாம் நாள், தொண்ணூற்றைந்து மதிப்பெண் வேலை. எஸ்தரின் தம்பி ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சூப்பர்வைசர். எங்கள் இரண்டு பேரை மட்டும் அனுப்பினார் எஸ்தர். தான் கூட வந்தால் அது பரீட்சை ஆகாதாம். "பாலீஷ் போட்டு முடிஞ்ச தோலு இருக்கும். அதுல கைய வைங்க. ரெண்டு மணி நேரம் கழுவாதீங்க. டீச்சர், நீங்க வாயைத் தொறக்காதீங்க." தம்பியிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "நோயாளி விசயத்த வெளிய சொல்லுவனா? மலேசியாலேர்ந்து ரெண்டு பேரு வர்றாங்க, தோலு பாக்கணுமாம்னு மட்டும் சொன்னேன்."

அந்த நேர்மையில்தான் எங்களுக்கு வினை காத்திருந்தது.

ஆம்பூர் நெருங்கும்போது வாடை முதலில் வந்தது. பேருந்தில் நாங்கள் இருவர் மட்டும் மூக்கைப் பிடித்தோம். மற்றவர்கள் முறுக்குத் தின்றுகொண்டும் பிள்ளைகளை அதட்டிக்கொண்டும் வந்தார்கள். பாலாற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். தண்ணீர் இலாகாக்காரர் அதை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

டேனரி வாசலில் எஸ்தரின் தம்பிக்குப் பதிலாக முதலாளியே நின்றிருந்தார். இக்பால் பாய். வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தாடி, மணிக்கட்டில் தங்கக் கடிகாரம். பக்கத்தில் இரண்டு சந்தனமாலைகள் ஏந்தி ஓர் ஆள். எங்கள் கழுத்தில் மாலை விழுந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. வெளிநாட்டிலிருந்து ஆம்பூருக்குத் தோல் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் வாங்கத்தான் வருவார்கள். சும்மா தொட்டுப் பார்க்க யாராவது கடல் தாண்டி வருவார்களா?

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். எஸ்தரின் உத்தரவு நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

"முடிஞ்ச தோலை அப்புறம் பாக்கலாம் சார்" என்றார் இக்பால் பாய். "எல்லா கம்பெனிக்காரனும் முடிஞ்ச தோலைத்தான் காட்டுவான். நான் அப்படியில்ல. ஆரம்பத்துலேர்ந்து காட்றேன். நம்ம சரக்குல ஒளிவு மறைவு கெடையாது."

எஸ்தரின் திட்டம் அந்த இடத்தில் கவிழ்ந்தது. எங்களை அழைத்துப் போன முதல் கொட்டகையில், உரோமம் போகாத பச்சைத் தோல்கள் உப்புத் தடவி இடுப்பு உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. தரையெல்லாம் ஈரம். இதற்கு என்ன மதிப்பெண் என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. என் கணவரின் முகம் வெளுத்தது. என் முகமும்தான், எனக்கு எந்த நோயும் கிடையாது.

"தொட்டுப் பாருங்க சார்."

இவர் ஒரு விரலை நீட்டினார்.

"அட, கண்ணாலயும் விரலாலயும் பாத்தா ஏமாந்துதான் போவோம். முழுக் கைய வைங்க" என்று இக்பால் பாய் இவருடைய மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையைத் தோலின்மேல் அப்படியே வைத்து அழுத்தினார். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. நெற்றியில் வியர்வை கோத்து மூக்கு வழியாக இறங்கியது. கையை மட்டும் எடுக்கவில்லை. பன்னிரண்டு நாள் பயிற்சி அவரை அப்படியே நிறுத்தி வைத்திருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பதினைந்து நிமிடம்.

இக்பால் பாய் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "அம்மா, முப்பத்தஞ்சு வருசமா இந்த லைன்ல இருக்கேன். இத்தாலிக்காரன், ஜெர்மன்காரன் எல்லாம் வந்துட்டுப் போய்ட்டான். ஒரு தோலை இவ்ளோ நேரம் பாத்த ஆள நான் பாத்ததே இல்ல. சார் பெரிய ஆளு. முகத்துல ஒண்ணுமே காட்ட மாட்டேங்குறார் பாருங்க."

அடுத்த கொட்டகையில் வீடு உயரத்துக்கு மரப் பீப்பாய்கள் சுழன்றுகொண்டிருந்தன. அவற்றிலிருந்து நீலம் பாய்ந்த ஈரத் தோல்கள் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தன. அங்கும் கையை வைத்தார், அங்கும் கண்ணை மூடினார். இவர் முகம் சுளிக்கும்போதெல்லாம் சரக்கு பிடிக்கவில்லை என்று எண்ணி இக்பால் பாய் கையைத் தட்டினார். "அந்த லாட்டு வாணாம்பா, ஐயாவுக்கு உள்ள இருக்கறத எடுத்தா!" இன்னும் நல்ல தோல் வந்தது. அதற்கும் கை, அதற்கும் பத்து நிமிடம். வேலையாட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள்.

பேச்சை மாற்ற நான் வாடையைப் பற்றிக் கேட்டேன். "உங்களுக்கெல்லாம் எப்படிப் பழகிடுச்சு?"

"வாசனையா? இன்னா வாசனை?" என்று இக்பால் பாய் காற்றை இழுத்துப் பார்த்தார். உண்மையிலேயே அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஆங், புதுசா கல்யாணமாயி வர்ற மருமகளுங்க முதல் வாரம் சொல்லுவாங்க. அப்புறம் அவங்க மூக்கே மறந்துடும்."

என் கணவர் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தார். எங்கள் மருத்துவர் பிளாஸ்டிக் மூளையை வைத்து அரைமணி நேரம் விளக்கியதை இந்த மனிதர் மருமகளை வைத்து முடித்துவிட்டார். கூவிக் கூவிக் களைத்துப்போன மூக்கு விட்டுவிடுகிறது. இவருடைய பயமும் அப்படிக் களைக்க வேண்டும், அவ்வளவுதானே. அன்று முதன்முதலாக இவர் கொஞ்சம் சிரித்தார்.

பகல் சாப்பாடு அலுவலக அறையில். வீட்டிலிருந்து தேக்சாவோடு பிரியாணி வந்திருந்தது. சீரகச் சம்பா அரிசி, பக்கத்தில் கத்திரிக்காய், தயிரில் வெங்காயம். மூடியைத் திறந்ததும் அறையில் தோல் வாடை போன இடம் தெரியவில்லை. எங்கள் ஊர்க் கடைகளில் நாசி பிரியாணி என்று மலாய்ப் பெயரில் விற்பதை அதற்குப் பக்கத்தில் வைத்தால் அது தானாகவே எழுந்து போய்விடும்.

விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். அப்போது இக்பால் பாய், வாய் அகன்ற ஒரு பித்தளைப் பாத்திரத்தையும் மூக்கு வைத்த செம்பையும் தானே எடுத்துக்கொண்டு வந்தார். விருந்தாளிக்கு வீட்டுக்காரர் தன் கையால் தண்ணீர் ஊற்றிக் கை கழுவ விடுவது அவர்கள் வழக்கம். ஆள் வைத்து ஊற்றினால் அது மரியாதை ஆகாது. அந்தப் பெரிய மனிதர் என் கணவர் முன்னால் மண்டியிட்டு, பாத்திரத்தைக் கீழே வைத்து, செம்பைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

என் கணவர் கையை நீட்டவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"சரோ, கழுவலாமா?"

கழுவக் கூடாது என்பது எஸ்தரின் உத்தரவு. ஆனால் அது பாலீஷ் போட்ட தோலுக்குச் சொன்னது. உப்பும் உரோமமும் ஒட்டிய பச்சைத் தோலைத் தொட்ட கையோடு எந்த மனிதன் பிரியாணி சாப்பிடுவான்? எஸ்தரே சாப்பிட மாட்டார். கழுவச் சொல்லலாம். சொன்னால் இவர் நிறுத்துவாரா? செம்பு காலியாகும், இன்னொரு செம்பு வரும், அதுவும் காலியாகும். இந்த மனிதர் மண்டியிட்டபடியே ஊற்றிக்கொண்டிருப்பார். பன்னிரண்டு நாள் பாடு, வாழைப்பழம், எல்லாம் அந்தப் பித்தளைப் பாத்திரத்துக்குள் போய்விடும். பிறகு நான் ஈப்போவில் என் மகளிடம் போய் என்ன சொல்வேன்?

ஒரு வார்த்தை, இப்படியோ அப்படியோ, என் நாக்கு நுனியில் துடித்தது. இத்தனை வருடமாக அவருக்காக நான்தான் முடிவு செய்து வந்திருக்கிறேன் என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.

"எனக்குத் தெரியலங்க" என்றேன். சத்தியமாகவே தெரியவில்லை.

இக்பால் பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. வயதான மனிதர், எவ்வளவு நேரம்தான் மண்டியிட்டிருப்பார்? என் கணவர் அவரைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் பாத்திரத்துக்கு மேலே நீட்டினார்.

தண்ணீர் விழுந்தது. உள்ளங்கையைத் தேய்த்தார், புறங்கையைத் தேய்த்தார். நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று.

"போதும் பாய்."

"இன்னும் கொஞ்சம் ஊத்தறேன் சார், செம்பு நெறையா இருக்குது."

"வேண்டாம் பாய். போதும்."

கையை எடுத்துக்கொண்டார். துண்டில் துடைத்தார். ஒன்றரை வருடத்தில் அந்த 'போதும்' என்ற சொல்லைத் தண்ணீருக்கு எதிரே அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. முதல் கவளத்திலேயே எனக்குக் கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பிரியாணி காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அதைக் கேட்டு இக்பால் பாய்க்கு மனம் நொந்து, வீட்டுக்கு ஆள் அனுப்பி இனிப்பு வரவழைத்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் வியாபாரம் பேச உட்கார்ந்தார். "சொல்லுங்க சார். எத்தனாயிரம் சதுர அடி தோலு வேணும்?"

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாய், மன்னிக்கணும். நான் வியாபாரி இல்லை. வேலூர் மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கேன். அங்கே நான் நோயாளி. தோலைத் தொட எனக்குப் பயம். தொட்டுப் பழகத்தான் வந்தேன்." எலியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். மகளைத் தொடாததையும் சொன்னார். சொந்தத் தம்பியிடமே சொல்லாதவர், அன்று காலைதான் பார்த்த மனிதரிடம் சொன்னார்.

கழுத்து மாலைகளைக் கழற்றிக் கொடுத்துவிடலாமா என்று நான் யோசித்தேன்.

இக்பால் பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "யா அல்லா! கழுவறதுதான் வியாதி, அந்த மனுசனுக்கு நானே செம்பு எடுத்துக்கினு வந்து தண்ணி ஊத்தறேன் பாருங்க!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். தாடி குலுங்கச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். கதவுக்கு வெளியே நின்ற ஆட்களுக்கும் காரணம் தெரியாமலே சிரிப்பு தொற்றிக்கொண்டது.

சிரிப்பு அடங்கியதும் கதவைச் சாத்தச் சொன்னார். குரலை இறக்கினார். "சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. நான் கோடவுனைப் பூட்டுனா வூடு வரைக்கும் போய்ட்டு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாப்பேன். மறுபடி போவேன், மறுபடி வருவேன். தினமும். டிரைவர் பையனுங்க மூணு பேரு வேலைய விட்டுட்டுப் போய்ட்டானுங்க. அது... அதுவும் இதுல சேருமா?"

என் கணவர் அவசரமே படாமல், எஸ்தரைப் போலவே தலையைச் சாய்த்துக் கேட்டார். "திரும்பிப் போகாம இருந்தா எவ்வளவு பயம் வரும் பாய்? நூத்துக்கு எத்தனை?"

கிளம்பும்போது எஸ்தரை எந்த நேரத்தில் பார்க்கலாம் என்று இக்பால் பாய் ஒரு சிட்டையில் எழுதி வாங்கிக்கொண்டார்.

மாலையில் எஸ்தரிடம் நடந்ததை ஒப்பித்தேன். பச்சைத் தோல் என்றதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தன் தம்பியை அன்றே இரண்டு வார்த்தை கேட்பதாகச் சொன்னார். 'போதும் பாய்' வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஒரே வாட்டியா? அவராவே நிறுத்துனாரா? நீங்க ஒண்ணும் சொல்லலியே?" என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லலாமா என்று கேட்டேன்.

"பச்சைத் தோலத் தொட்டா நானும் ஒரு வாட்டி கழுவுவேன் டீச்சர்" என்றார் எஸ்தர். "கழுவாம இருக்கறது இல்ல நம்ம லட்சியம். கழுவிட்டு நிறுத்தறதுதான்." பிறகு என் கணவரைப் பார்த்து, "அந்த நூறு மார்க் வேலைக்கு நான் வர முடியாது. அது உங்க ஊர்ல இருக்குது" என்றார்.

இன்னும் மூன்று வாரம் இருந்தோம். முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொன்னால் பொய். சில நாள் இரண்டடி முன்னே போனார், சில நாள் குழாயடியில் நின்றுவிட்டார். நாற்பது கேள்வி ஆறேழு ஆனது. கிளம்பும் நாள் வேலூர்க் கடையொன்றில் திருநீறு வாங்கி ஒன்பது பொட்டலமாக நானே மடித்தேன்.

கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு அம்மா தர்ஷினியை அழைத்து வந்திருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்திருக்கிறாள். சீருடை கசங்கி, தலை கலைந்து, அவிழ்ந்த ஒரு சப்பாத்துக் கயிற்றை அவளே புதிதாகக் கட்டியிருந்தாள். என்னிடம் ஓடி வந்தவள் அப்பாவைக் கண்டதும் சட்டென்று நின்றாள். நாலடி தள்ளி. கைகள் இரண்டும் தாமாக முதுகுக்குப் பின்னால் போயின. இவருக்கு வைத்தியம் பார்த்தோம், குழந்தைக்கு யாரும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இவர் பெட்டியைக் கீழே போட்டார். அத்தனை பேர் போய் வரும் தரையில் முழங்காலிட்டார். அந்த நாலடியையும் முழங்காலாலேயே நகர்ந்து போனார். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கையை எடுத்தார். இவருடைய முகம் வெளுத்தது, வியர்த்தது. ஆம்பூரில் பார்த்த அதே முகம். கையை விடவில்லை. இன்னொரு கையையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அவளை அப்படியே அணைத்தார்.

தர்ஷினி மரக்கட்டையாக நின்றாள். பயந்த கண்களால் என்னைப் பார்த்தாள். பிறகு, தப்பு செய்தவள் ஒப்புக்கொள்வதுபோல, அவர் காதில் சொன்னாள்.

"அப்பா, நான் இன்னும் குளிக்கல."

"நானுந்தாம்மா" என்றார் அவர்.